90 குதிரை போதுமா? நாலு சிலிண்டர் பெட்ரோல் செடான், ஐந்து பேர், ஒரு மலை

நாமக்கல்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2013 மாருதி டிசையர் டீசல் கார் இருக்கிறது. 1,80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. டர்போவில் (இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) ஒரு விசில் சத்தம் வருகிறது. மெக்கானிக், "இன்னும் ஒரு வருஷம் தாட்டலாம், அதற்கு மேல் என் கையில் இல்லை" என்கிறார். சரி, மாற்றிவிடலாம் என்று கிளம்பினால் சின்ன செடானில் டீசலே கிடையாது. பெட்ரோல் அல்லது சிஎன்ஜிதான்.

போன வாரம் 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் செடான் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். காகிதத்தில் 90 பிஎஸ், அதாவது குதிரைத்திறன். என் பழைய டீசலுக்கு 75தான். ஆனால் பைபாஸில் நாலாம் கியரில் மிதித்தால், "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி நகர்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேல்ஸ் தம்பி, "சார், இது ராக்கெட்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. தினமும் வேலைக்கு 14 கிலோமீட்டர். மாதம் ஒரு முறை முசிறி வழியாகத் திருச்சி. வருஷத்தில் இரண்டு முறை கொல்லிமலை, அறப்பளீஸ்வரர் கோயில். அம்மா அதை மட்டும் விடமாட்டார்.

என் கேள்வி இதுதான்: 15 பிஎஸ் கூடுதலாக இருக்கிற வண்டி ஏன் குறைவாக இழுக்கிறது? இந்த 1.2 நமக்குப் போதுமா, இல்லை கடன் வாங்கியாவது 1.5-க்குப் போகவேண்டுமா?

ஓஎம்ஆர்வாசி:

டர்போ இல்லாத வண்டியை வாங்கிவிட்டு அப்புறம் வருத்தப்படாதீர்கள். என்னிடம் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் 1.5 டிஎஸ்ஐ, டர்போ பெட்ரோல். 150 பிஎஸ், டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) 250 நியூட்டன் மீட்டர். மிதித்தால் சீட்டோடு அழுத்தும். 1.2 என்பது காய்கறி வாங்கப் போகிற இன்ஜின். கடன் வாங்குங்கள்.

பழைய ஸ்பேனர்:

தம்பி நாமக்கல், கடன் பேச்சை ஒரு ஓரமாக வையுங்கள். உங்கள் கேள்வி நல்ல கேள்வி. முப்பது வருஷம் ஷெட்டில் நின்றவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பிஎஸ் என்று அச்சடித்திருப்பது இன்ஜின் உச்சத்தில் கத்தும்போது கிடைப்பது. அந்த 90 பிஎஸ் 6,000 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது வருகிறது. நீங்கள் வாழ்நாளில் எத்தனை முறை முள்ளை 6,000-க்குக் கொண்டு போயிருக்கிறீர்கள்? டீசல் ஓட்டிப் பழகிய கால் 2,000-லேயே கியர் மாற்றிவிடும்.

இப்போது அந்த 2,000-இல் கணக்குப் பாருங்கள். உங்கள் 1.3 டீசல் 2,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க் தரும். அதைக் குதிரைத்திறனாக்கினால் 54 பிஎஸ். அதே 2,000-இல் இந்த 1.2 பெட்ரோல் 95 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால் 27 பிஎஸ். சரிபாதி. பெட்ரோலின் உச்ச டார்க் 110, 113 என்று போட்டிருப்பார்கள், அதுவும் 4,400, 4,800 பக்கம்தான் வரும். டீசல் சுற்றுகிற அதே 2,000-இல் ஓட்டிவிட்டுப் பெட்ரோலிடம் பிக்கப் இல்லை என்றால் அது என்ன செய்யும்?

அதாவது சக்தி உள்ளே இருக்கிறது. வேறு மாடியில் இருக்கிறது. நீங்கள் ஒரு கியர் இறங்கினால் அது ஒரு மாடி இறங்கி வரும்.

ஓஎம்ஆர்வாசிக்கு ஒரு விஷயம். உங்கள் 1.5 டிஎஸ்ஐயில் லோடு இல்லாதபோது இரண்டு சிலிண்டரை நிறுத்திவிட்டு மிச்சம் இரண்டில் ஓடும் வசதி இருக்கிறது. மைலேஜுக்காகச் செய்தது. மீட்டர் பக்கத்தில் எழுதிக் காட்டுமே, பார்த்ததில்லையா? சமதளத்தில் சீராகப் போகும்போது உங்களுக்கே இரண்டு சிலிண்டர் போதும் என்று உங்கள் வண்டியே முடிவு செய்துகொள்கிறது.

ஓஎம்ஆர்வாசி:

அது இகோ மோட், ஸ்பேனர் சார். எனக்குத் தேவைப்படும்போது நாலும் இருக்கிறதே, அதுதான் விஷயம்.

பழைய ஸ்பேனர்:

மறுக்கவில்லை. எப்போது தேவைப்படுகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

டீசல்பிரியன்:

எல்லாம் 2020 ஏப்ரலோடு போயிற்று. பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற புகை விதி வந்தது, மாருதி டீசலையே மூடிவிட்டது. ஃபியட்டின் அந்த 1.3 மல்டிஜெட்டை மாருதியும் டாடாவும் ஃபியட்டும் போட்டுப் போட்டு விற்றார்கள். நாடே அதில்தான் ஓடியது. ஐந்தாம் கியரில் 70-இல் போய்க்கொண்டே காலை அழுத்தினால் போதும், லாரியைத் தாண்டிவிடலாம். கியர் மாற்றுவது என்பதே தோல்வி என்று நினைத்து வளர்ந்த ஆள் நான். இப்போது என் பையனின் பெட்ரோல் வண்டியில் நிமிஷத்துக்கு ஒரு கியர். இது முன்னேற்றமா?

பத்துச்சக்கரம்:

எங்கள் குடும்பமே லாரி. உங்கள் ஊர்தான், நாமக்கல் அண்ணே. ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். லேலண்ட் 2820 என்று ஒரு பத்துச் சக்கர வண்டி. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 28 டன், 200 குதிரை. டன்னுக்கு 7 குதிரை. இதை வைத்துக்கொண்டுதான் முட்டையும் சிமெண்டும் மேட்டூர் மேடும் தொப்பூர் கணவாயும் ஏறுகிறது. உங்கள் கார் ஐந்து பேரோடு 1.3 டன் வருமா? டன்னுக்கு 69 குதிரை. பத்து மடங்கு. அப்புறமும் ஏறாது என்றால் அந்த மலையிடம்தான் கேட்கவேண்டும்.

காவிரிக்கரை:

லாரி ஏறும், சரி. லாரி யாரையும் ஓவர்டேக் செய்யவேண்டியதில்லையே! மற்றவர்கள்தான் லாரியை ஓவர்டேக் செய்யவேண்டும். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

போன ஐப்பசியில் நடந்தது. முசிறி தாண்டி தொட்டியம் பக்கம் இருவழிச் சாலை, ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வாழைத்தோப்பு. முன்னால் ஒரு போர்வெல் ரிக் வண்டியும் அதன் பின்னாலேயே குழாய் ஏற்றிய துணை லாரியும். இரண்டும் ஒட்டிக்கொண்டு 55-இல் போகின்றன. வண்டியில் நாங்கள் ஐந்து பேர், டிக்கியில் கல்யாணச் சீர், ஏசி ஓடுகிறது. என்னுடையதும் 1.2 பெட்ரோல்தான். சாலை காலியாகத் தெரிந்தது. நாலாம் கியரிலேயே வெளியே எடுத்து அழுத்தினேன். துணை லாரியைத் தாண்டும்போதே எதிரில் ஒரு பேருந்து. ரிக்குக்கும் அந்த லாரிக்கும் நடுவில் நுழைய இடம் இல்லை. பேருந்துக்காரர் ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறார். நான் அழுத்துகிறேன், வண்டி சத்தம் போடுகிறது, முள் நகரவில்லை. கடைசியில் ரிக் ஓட்டுநர்தான் இடது பக்கம் மண்ணில் இறக்கி எனக்கு வழி விட்டார். தாண்டின பிறகு ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கை நடுக்கத்தில் டீயை அரை டம்ளர் மடியில் ஊற்றிக்கொண்டேன். மனைவி அன்று முழுக்கப் பேசவில்லை.

ஆகவே "தினசரி ஓட்டத்துக்குப் போதும்" என்று யாராவது சொன்னால், எந்தச் சாலையில் என்று கேளுங்கள். நாலுவழிச் சாலையில் போதும். எங்கள் சாலையில் எனக்குப் போதவில்லை.

பழைய ஸ்பேனர்:

காவிரிக்கரை, நல்லபடியாக வந்து சேர்ந்தீர்களே, அது போதும். உங்கள் கதையைக் கொச்சைப்படுத்துவதாக நினைக்கவேண்டாம். அதை எண்ணில் போட்டுப் பார்க்கிறேன், மற்றவர்களுக்கு உதவும்.

வண்டி 950 கிலோ, ஆட்கள் 300, சீர் சாமான் 50. மொத்தம் 1,300 கிலோ. சமதளத்தில் 80-இல் சீராகப் போக 10, 11 பிஎஸ் போதும். 100-இல் போக 17. நம்பமாட்டீர்கள், ஆனால் உண்மை. காற்றையும் டயர் உராய்வையும் சமாளித்தால் முடிந்தது. அதனால்தான் நாலுவழிச் சாலையில் யாருக்கும் குறை தெரிவதில்லை.

60-இலிருந்து 90-க்கு ஏற்றுவதுதான் செலவு. இந்த மாதிரி 1.2 வண்டியில் ஐந்தாம் கியரில் 60 என்றால் இன்ஜின் 1,800 ஆர்பிஎம் பக்கம் தூங்கிக்கொண்டிருக்கும். அங்கிருந்து மிதித்தால் 90-ஐத் தொட 16, 17 விநாடி ஆகும். அதே வண்டி, அதே லோடு, மூன்றாம் கியர் போட்டால் இன்ஜின் 3,000-இல் தொடங்கும். 7, 8 விநாடியில் முடிந்துவிடும். எதிரில் 70-இல் வருகிற பேருந்து 16 விநாடியில் 300 மீட்டருக்கு மேல் வந்துவிடும். 8 விநாடியில் 150 மீட்டர் சொச்சம். உயிர் இருப்பது இந்த இடைவெளியில்தான்.

நீங்கள் நாலாம் கியரில் எடுத்தீர்கள். மூன்றில், சொல்லப்போனால் 55-இல் இரண்டாம் கியரிலேயே போட்டிருக்கலாம். அந்த வண்டியில் இரண்டாம் கியர் 80 வரை இழுக்கும். சத்தம் கோரமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், உடையாது.

1.5 லிட்டர் எடுத்திருந்தால்? ஹோண்டா சிட்டி 121 பிஎஸ், வண்டி எடையும் 150, 200 கிலோ கூடுதல். எடைக்குத் திறன் பார்த்தால் இதைவிட நூற்றுக்கு 18 பங்கு அதிகம். அந்த 8 விநாடி ஏழுக்குக் கீழே வரும். ஒரு விநாடி லாபம். கியர் இறங்கியதில் கிடைத்த லாபம் ஒன்பது விநாடி.

காவிரிக்கரை:

கணக்கு சரி. ஆனால் சார், பயந்த நேரத்தில் மனிதனுக்கு மூன்றாம் கியர் ஞாபகம் வராது. கையிருப்பாகக் கொஞ்சம் சக்தி இருந்தால் தப்பு செய்தவனும் பிழைப்பான். அதற்குத்தான் காசு கொடுக்கிறோம்.

பழைய ஸ்பேனர்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சரியாகத்தான் சொல்கிறீர்கள்.

மஞ்சள்போர்டு:

சார், நான் சென்னையில் டிசையர் டூர் எஸ் சிஎன்ஜி ஓட்டுகிறேன். பழைய நாலு சிலிண்டர் 1.2. சிஎன்ஜியில் ஓடும்போது பெட்ரோலைவிடக் குறைவு, 77 பிஎஸ்தான். டாக்ஸி என்பதால் 80-இல் கவர்னர் வேறு. 80-க்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் போகாது. இதோடு நாலு சவாரியையும் அவர்கள் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மாசம் ஒரு தடவையாவது ஏற்காடோ கொடைக்கானலோ போய் வருகிறேன்.

ஏறுகிறது. செங்குத்தான இடத்தில் மட்டும் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்வேன், ஸ்விட்ச் ஒன்றுதான். இருவழிச் சாலையில் என் வழி வேறு. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன். நாலு வண்டி நீளம் இடம் விட்டுப் பின்வாங்கி, மூன்றாம் கியரில் வைத்துக்கொண்டு, எதிரில் கடைசி வண்டி கடக்கும்போதே ஓட ஆரம்பித்துவிடுவேன். லாரியின் பின்பக்கம் வரும்போது என் வேகம் ஏற்கனவே 75. வெளியே எடுத்த பிறகு வேகம் கூட்டுகிறவன்தான் மாட்டுகிறான்.

நான் வண்டியைப் பற்றிக் கவலைப்படுவது இறக்கத்தில்தான். ஏறும்போது சக்தி இல்லை என்றால் நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது இரண்டாம் கியரில் பிடிக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி மலையில் வாடை வரும், அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று என் முதலாளி சொல்லிக்கொடுத்தார். பிரேக் லைனிங் என் வண்டியில் மற்றவர்களுக்கு வருகிற மாதிரி இரண்டு மடங்கு வருகிறது.

டல்லாஸ்தமிழன்:

இந்த இழையைப் படித்தால் சிரிப்பாக இருக்கிறது. இங்கேயும் இதே சண்டைதான், எண்கள் மட்டும் வேறு. டொயோட்டா கேம்ரியில் நாலு சிலிண்டர் 2.5 லிட்டர் 203 ஹெச்பி, ஆறு சிலிண்டர் வி6 3.5 லிட்டர் 301 ஹெச்பி என்று இரண்டு இருந்தன. நாலு சிலிண்டர் ஃப்ரீவே ராம்ப்பில் (விரைவுச்சாலைக்கு ஏறும் இணைப்புச் சாலை) ஏறி மற்ற வண்டிகளோடு கலக்கப் போதாது என்று இங்கே உள்ளவர்கள் வருஷக்கணக்காகச் சொன்னார்கள். ஹோண்டா அக்கார்டு 2018 மாடலிலேயே வி6-ஐ எடுத்துவிட்டது. கேம்ரியும் 2025 மாடலில் எடுத்துவிட்டது, இப்போது 2.5 நாலு சிலிண்டர் ஹைப்ரிட் மட்டும்தான், 225 ஹெச்பி. யாரும் ராம்ப்பில் நின்றுவிடவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாலு சிலிண்டர் கேம்ரி 130 ஹெச்பிதான். அதில்தான் ஒரு தலைமுறையே பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது.

நான் வைத்திருப்பது 203. ஒரு வருஷத்தில் இரண்டு முறை முழுசாக மிதித்திருப்பேன். இரண்டு முறையும் தேவையே இல்லாமல்.

பத்துச்சக்கரம்:

203 குதிரையா! அது எங்கள் லாரி, அண்ணே.

புதுலைசென்ஸ்:

ஒரு சந்தேகம், தனி இழை போடச் சோம்பல். போன வருஷம்தான் லைசென்ஸ் எடுத்தேன். கோவையில் தினமும் அவினாசி ரோடு. ஏஎம்டி (கிளட்ச் இல்லாமல் தானே கியர் மாற்றும்) வண்டி வாங்கலாமா? புது டிசையர் மூன்று சிலிண்டர் ஆகிவிட்டதாமே, அப்படியென்றால் நாலு சிலிண்டரைவிட வீக்கா? என் அண்ணன் "மூணு சிலிண்டர்னா ஆட்டோ" என்கிறான்.

பழைய ஸ்பேனர்:

அண்ணனிடம் சொல்லுங்கம்மா, ஆட்டோவுக்கு ஒரே சிலிண்டர்தான். மாருதி 800 மூன்று சிலிண்டர். அதில்தான் இந்தியா கார் ஓட்டவே கற்றுக்கொண்டது.

சிலிண்டர் எண்ணிக்கை வேறு, சக்தி வேறு. 2024 நவம்பரில் வந்த டிசையரில் 1.2 மூன்று சிலிண்டர்: 82 பிஎஸ், 112 நியூட்டன் மீட்டர். முன்னால் இருந்த நாலு சிலிண்டர் 90 பிஎஸ், 113. டார்க் கிட்டத்தட்ட அதேதான். உச்சத்தில் மட்டும் குறைவு. உங்கள் அவினாசி ரோட்டில் அந்த உச்சத்துக்கு நீங்கள் போகப்போவதே இல்லை. இன்னொரு பக்கம் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியாவில் வருகிற 1.0 டிஎஸ்ஐயும் மூன்று சிலிண்டர்தான். டர்போ இருப்பதால் 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,750-இலிருந்தே. நாலு சிலிண்டர் 1.2-ஐ அது தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

நாலில் நீங்கள் காசு கொடுப்பது வழவழப்புக்கு. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் கை வையுங்கள். மூன்று சிலிண்டரில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கும். மூன்று பிஸ்டனும் ஏறி இறங்குகிற வரிசையில் இன்ஜினின் முன்முனையும் பின்முனையும் மாறி மாறி ஆடப் பார்க்கும், நாலில் அந்த ஆட்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சிலருக்கு அது தெரியவே தெரியாது.

சின்ன செடான் எல்லாம் ஏன் 1.2-இலேயே நிற்கின்றன தெரியுமா? இன்ஜினியர் ஆசைப்பட்டு அல்ல. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் என்றால் வரி குறைவு. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றினார்கள். அந்தக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. உள்ளே இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40. நாமக்கல் தம்பி 1.5-க்குத் தாவினால் இன்ஜினுக்கு மட்டும் கொடுக்கவில்லை, கோட்டைத் தாண்டியதற்கும் கொடுக்கிறார்.

ஏஎம்டி பற்றி: ஊருக்குள் நல்லது. கியர் மாறும்போது ஒரு மூச்சு விடும், தலை லேசாக முன்னால் போய் வரும். ஓவர்டேக்கில் அந்த மூச்சு பயமுறுத்தும். மேனுவல் பக்கம் தள்ளி ஒரு கியர் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். மலையிலும் அப்படியே.

டீசல்பிரியன்:

ஆக எல்லோரும் சேர்ந்து சொல்வது: வண்டி பரவாயில்லை, காலும் கையும்தான் சரியில்லை.

பழைய ஸ்பேனர்:

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் பழைய வண்டிப் பைத்தியம் உண்டு. அம்பாசடரும் நாலு சிலிண்டர்தான், 1,489 சிசி, 50 குதிரை சொச்சம். வண்டியே ஒரு டன்னுக்கு மேல். அதில் எங்கள் வீட்டில் எட்டுப் பேர் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போனோம். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்தது. அப்பா ஈரத் துணியைப் போட்டு மூடியைத் திருகினார், சித்தப்பா ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார், நான் பின் டயருக்குக் கல் வைத்தேன். கல் வைப்பதுதான் என் வேலை. அன்றைக்கு யாரும் "பவர் போதுமா" என்று கேட்கவில்லை, "தண்ணி இருக்கா" என்றுதான் கேட்டார்கள்.

ஓஎம்ஆர்வாசி:

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பேனர் சார் சொன்னாரே என்று இன்று வரும்போது மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சோழிங்கநல்லூர் சிக்னலிலிருந்து வீடு வரை. சராசரி வேகம் 19. இரண்டு சிலிண்டர் எழுத்து பலமுறை எரிந்தது. 250 நியூட்டன் மீட்டரில் எதையும் நான் தொடவில்லை. வண்டியை விற்கப்போவதில்லை, சும்மா சொல்கிறேன்.

ஆனால் ஊட்டிக்குப் போகும்போது என் பக்கம்தான் நியாயம். உயரம் 2,200 மீட்டருக்கு மேல். காற்று மெலிவதால் டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு போல இழக்கும். 90 பிஎஸ் அங்கே போய்ச் சேரும்போது 70 சொச்சம். டர்போ அந்தக் காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளிவிடும். இதை யாரும் சொல்லவில்லையே?

பழைய ஸ்பேனர்:

நூற்றுக்கு நூறு சரி. மேல் ஊரில் குடியிருப்பவர் என்றால் நானே டர்போ வாங்கச் சொல்வேன்.

நாமக்கல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். படித்துக்கொண்டே இருந்தால் முடிவு வராது என்று, மச்சானின் 2021 டிசையர் பெட்ரோலை (நாலு சிலிண்டர், 90 பிஎஸ், மேனுவல்) ஒரு நாளைக்குக் கடன் வாங்கி நேற்று கொல்லிமலை போய்வந்தோம். ஐந்து பேர். அம்மா கொண்டுவந்த தேங்காய், பழம், இரண்டு தூக்கு சோறு தனி.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வரை ஒன்றும் இல்லை. காரவள்ளியில் மலை அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் பலகை இருப்பதால் பின்சீட்டில் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள்.

முதல் பத்து வளைவு என் பழைய பழக்கத்தில் மூன்றாம் கியரில் இழுத்தேன். திணறியது. ஏசியை வேறு போட்டிருந்தேன். அப்புறம் ஸ்பேனர் ஐயா சொன்னது ஞாபகம் வந்து இரண்டாம் கியரில் போட்டு, 3,000-க்குக் கீழே முள் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். வேறு வண்டி மாதிரி ஆகிவிட்டது. 22-ஆவது வளைவில் அரசுப் பேருந்து ஒன்று இறங்கி வந்தது. ஓரமாக, ஏற்றத்தில், முழுசாக நிறுத்தவேண்டியதாகிவிட்டது. ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் 2,500 ஆர்பிஎம் பிடித்து எடுத்தேன். பின்னால் ஓர் அங்குலம்கூட உருளவில்லை. கிளட்ச் வாடையும் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். என் டீசலில் இந்த வளைவுகளில் எனக்கு எப்போதுமே வேர்த்துவிடும். வளைவில் வேகம் குறைந்து இன்ஜின் 1,500-க்கு வந்துவிட்டால் டர்போ தூங்கிவிடும். மிதித்தால் ஒன்றும் இருக்காது, திடீரென்று 2,000-இல் முழித்துக்கொண்டு பாயும். பெட்ரோலில் அந்தப் பள்ளமும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. காலை எவ்வளவு அழுத்துகிறேனோ அவ்வளவு. பைபாஸில் டீசல் இழுத்த இழுப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, இதை மறந்துவிட்டேன்.

அம்மா பாதி வழியில் ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டார். சக்தி மிச்சம் பிடிக்க அல்ல, மலைக்காற்று வேண்டுமாம். மேலே சோளக்காட்டில் நிறுத்தி மிளகும் பலாப்பழமும் வாங்கினோம். இறங்கும்போது மஞ்சள்போர்டு சொன்னபடி இரண்டாம் கியர். பிரேக்கை வளைவுக்கு வளைவு லேசாகத் தொட்டதோடு சரி.

இன்று காலை தனியாக முசிறி ரோட்டில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். காவிரிக்கரை சொன்ன பயம் நிஜம். லாரிக்குப் பின்னால் பின்வாங்கி நின்று, மூன்றாம் கியரில் எடுத்தேன். போய்விட்டது, ஆனால் இன்ஜின் போட்ட சத்தத்தில் ஏதோ உடைகிறதோ என்று தோன்றியது. பழகவேண்டும். டீசலில் இருந்த அலட்சியத்தோடு இதில் ஓவர்டேக் செய்ய முடியாது. மாதம் ஒரு முறைதான் அந்தச் சாலை என்பதால் எனக்குச் சரி. தினமும் அந்த வழியாகப் போகிறவர் என்றால் நானும் கடன் வாங்கித்தான் இருப்பேன்.

ஆக 1.2 நாலு சிலிண்டர், மேனுவல் என்று முடிவு செய்துவிட்டேன் என்று இன்று மதியம் வீட்டில் அறிவித்தேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, "வண்டி நல்லாத்தான் ஏறுது. எனக்குத்தான் அதிலருந்து இறங்க முடியல" என்றார். பழைய வண்டியைவிட இதில் சீட் தாழ்வாம், முழங்கால் பிடித்துக்கொள்கிறதாம். கோயில் வாசலில் நானும் மனைவியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத்தான் தூக்கினோம். அதை நான் கவனிக்கவே இல்லை. ஆர்பிஎம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு அம்மாவையே ஷோரூமுக்கு அழைத்துப் போகிறேன். அவர் எதில் ஏறி இறங்குகிறாரோ அதுதான்.

மஞ்சள்போர்டு:

சார், வயசானவர்களை நான் தினமும் ஏற்றி இறக்குகிறவன். முன்சீட்டில் உட்கார வையுங்கள், சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிவிடுங்கள். இறங்கும்போது இரண்டு காலையும் சேர்த்து முதலில் வெளியே திருப்பச் சொல்லுங்கள், அப்புறம் கதவுத் தூணைப் பிடித்து எழுந்திருக்கட்டும். மேட்டுப் பக்கமாகப் பார்த்து நிறுத்துங்கள், பள்ளத்தில் நிறுத்தினால் எந்த வண்டியாக இருந்தாலும் அவர்களுக்குக் கஷ்டம்தான்.